நான் பூஜ்யம் போட்ட விடைத்தாள்

டேட்டா வேலைக்கான கோடிங் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று புதியவர்களுக்கு எழுதித் தரும்படி உங்கள் மேலாளர் கேட்டிருந்தார். உங்களில் சிலர் விரைவில் தேர்வு நடத்தும் பக்கம் உட்காரப்போகிறீர்கள், அவர்களுக்கும் பயன்படும்படி இருக்கட்டும் என்றும் சொன்னார். நான் ஓய்வுபெற்று ஏழு மாதம் ஆகிறது. நேரம் நிறைய இருக்கிறது. ஆனாலும் இதைத் தொடங்க மூன்று வாரம் ஆகிவிட்டது.

எந்தக் கணினிக் கட்டளையை எங்கே போடுவது, எத்தனை கணக்கு போட்டுப் பழகுவது என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் நாற்பத்தாறு பேருக்குத் தேர்வு நடத்தியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் டைரியில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை முறை திருத்தினார், என்ன கேட்டார், என்ன மதிப்பெண் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நாற்பத்தாறில் ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்களுக்காக முதலில் ஒன்று. திருவொற்றியூரில் உள்ள நம் யார்டு காலிக் கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் இடம். இங்கே யாரும் கன்டெய்னர் என்று சொல்வதில்லை, பெட்டிதான். டிரெய்லரில் பெட்டி வரும், சில நாள் தங்கும், ஏற்றுமதிக்காரருக்குத் தேவைப்படும்போது போகும். கேட்டில் ஒவ்வொரு பெட்டியின் எண்ணும், வந்த நேரமும், போன நேரமும் பதிவாகும். நம் பிரிவின் அறிக்கைகள் எல்லாம் அந்தப் பதிவிலிருந்துதான் பிறக்கின்றன. இப்போது கேமரா அந்த எண்ணைப் படிக்கிறது. அப்போது நான்கு பேர் முறைவைத்துப் பதிந்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்டெல்லா.

ராயபுரத்துக்காரர். வயது முப்பத்தொன்று. தபால் வழியில் கணிதம் படித்திருந்தார். வீட்டில் அம்மாவும் பள்ளிக்குப் போகும் மகளும். சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். வேலை ஒப்பந்த வேலை. அடுத்த ஆண்டு கேமரா வந்துவிடும், கேட்டில் ஆள் வேண்டாம் என்ற பேச்சு அப்போதே இருந்தது. அந்த நேரத்தில்தான் நம் பிரிவில் ஓர் இடம் காலியானது. ஒப்பந்த ஊழியர்களும் தேர்வு எழுதலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கேட் அறையிலிருந்து மாடிக்கு வருவதற்கு ஸ்டெல்லாவுக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

தினமும் காலை எட்டு ஐம்பதுக்கு நான் அந்தக் கேட்டைக் கடந்துதான் உள்ளே போவேன். ஒருநாள் ஸ்டெல்லா பழைய கேட் ஸ்லிப்புகளின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே எர்ணாவூரைச் சேர்ந்த வயதான டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர் நின்றிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, ஸ்லிப்பு போடறியா, பரிச்சைக்கு படிச்சினு கீறியா?"

"ரெண்டும்தான் நைனா. நீ பெட்டி நம்பர கரீக்டா சொல்லு, அது போதும்."

"பாஸாயிட்டா மேல ஏசில குந்திக்குவ. எங்கள கண்டுக்குவியா?"

"ஒம் பெட்டிய கண்டுக்குவேன். ஒன்ன எதுக்கு கண்டுக்கணும்?"

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே ஸ்லிப்பை வாங்கிப் போனார். நான் நிற்பதைப் பார்த்து ஸ்டெல்லா எழுந்துகொண்டார்.

"போன்ல கீற ஆப்புல எல்லா கணக்கும் ஒரே மாதிரி கீது மேடம். ரெண்டாவது பெரிய சம்பளம் யாருக்குன்னு கண்டுபுடிக்க சொல்லுது. யாருக்கா இருந்தா எனக்கின்னா? அதான் நம்ம கேட்டு ரிஜிஸ்டரையே வச்சி போட்டுப் பாத்துனு கீறேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். தேர்வு நடத்துகிறவர் தேர்வு எழுதுகிறவரோடு அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. விதியை மீறாதவள் என்ற பெயர் எனக்கு உண்டு. அந்த ஸ்லிப்பைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால், விதி மீறப்பட்டிருக்கும். ஆனால் என் தவறும் அன்றே எனக்குத் தெரிந்திருக்கும். தேர்வுக்குத் தயாரானவர் அவர். நான் தயாராகவில்லை.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை பத்தரைக்கு. நான்கு பேர், மூன்று கேள்விகள், நாற்பத்தைந்து நிமிடம். மூன்றாவது கேள்வி என்னுடையது. இணையத்தில் கிடைக்கும் கேள்வியைக் கொடுத்தால் மனப்பாடம் செய்தவர்கள் எழுதிவிடுகிறார்கள் என்பதால், நம் கேட் பதிவிலிருந்தே இருநூறு வரிகளை எடுத்து, பெட்டி எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தேன். ஒரு பெட்டி சராசரியாக யார்டில் எத்தனை நாள் தங்குகிறது என்பது கேள்வி. விடை: பதினொன்று. மாதாமாதம் மேலிடத்துக்குப் போகும் அறிக்கைக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய கட்டளையை ஓட்டி எடுத்த விடை அது. அதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை ஆண்டாக ஓடுகிற அறிக்கை ஆயிற்றே.

இருபத்திரண்டாவது நிமிடம் ஸ்டெல்லா கையை உயர்த்தினார்.

"மேடம், ஒரு டவுட்டு. இதுல ஒரே பெட்டி ரெண்டு தபா வந்துகீது. வெளிய போயிட்டு திரும்ப வந்துகீது. அத ஒரே தங்கலா எடுக்கணுமா, ரெண்டா எடுக்கணுமா?"

என் பக்கத்தில் இருந்த மனிதவள அதிகாரி அந்தப் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்தார். நானும் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் இன்றும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் அந்த அறையில் அலுவலகத் தமிழில் பதில் சொன்னேன்.

"தேர்வு நடக்கும்போது விளக்கம் தரக் கூடாதும்மா. கேள்வியை நல்லாப் படிச்சிட்டு எழுதுங்க."

"கேள்வில அது இல்லியே மேடம்."

"இருக்கிறதை வச்சு எழுதுங்க."

அவர் அந்த இருநூறு வரிகளையும் மறுபடி மேலிருந்து பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார். கடைசி நிமிடம்வரை எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த, வெளியிலிருந்து வந்த இளைஞர் அதே கேள்வியை ஒன்பதே நிமிடத்தில் முடித்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

விடைகளை முதலில் கணினி திருத்தும். வரும் எண்ணையும் என் விடையையும் ஒப்பிடும். ஒத்துப்போனால் பத்து, இல்லையென்றால் பூஜ்யம். விடைகள் அச்சாகி என் மேசைக்கு வரும்; பூஜ்யம் வந்த தாளைப் படித்துப் பார்த்து மதிப்பெண்ணை மாற்றும் அதிகாரம் எனக்கு இருந்தது. அந்த இளைஞரின் விடை பதினொன்று. ஸ்டெல்லாவின் விடை நான்கு. அன்று டைரியில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "மூன்றாம் நபர். நாற்பத்தைந்து நிமிடமும் எடுத்துக்கொண்டார். ஏழு முறை திருத்தினார். ஒரு முறை சந்தேகம் கேட்டார். தேவையற்ற சிக்கலான விடை. அடியில் மூன்று வரிக் குறிப்பும் உண்டு. கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை. பூஜ்யம்."

மூன்று வரி என்று எண்ணியிருக்கிறேன். அந்த மூன்று வரியில் என்ன இருந்தது என்று படிக்கவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். அதைப் படிக்கப் பொறுமை இல்லாமல் போயிற்று. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஸ்டெல்லா, அந்த இளைஞர் இருவரும் முழு மதிப்பெண். ஆகவே வேலையைத் தீர்மானித்தது என் பூஜ்யம்தான். வேலை இளைஞருக்குப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து, காலிப்பெட்டிகள் நம் யார்டில் அதிக நாள் தேங்குகின்றன என்று நிர்வாகம் கவலைப்பட்டது. அறிக்கை அப்படித்தானே சொன்னது? தேங்கிய பெட்டிகள் போகும்வரை வாரத்தில் இரண்டு நாள் புதிய பெட்டி எதையும் உள்ளே விட வேண்டாம் என்று பொது மேலாளர் உத்தரவு போட்டார். இரண்டாவது வாரமே எண்ணூர் விரைவுச்சாலையில் நம் கேட்டிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரம்வரை டிரெய்லர்கள் வரிசையாக நின்றுவிட்டன. பள்ளிப் பேருந்துகள் மாட்டிக்கொண்டன. போலீஸ் வந்தது. என்ன நடக்கிறது என்று பார்த்து வரும்படி என்னைக் கீழே அனுப்பினார்கள்.

அதே எர்ணாவூர் ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்கி நின்றிருந்தார். காலையில் வந்தவர், அப்போது மதியம் ஒன்று.

"இன்னா மேடம் பேஜாரு பண்றீங்க? உள்ள எடம் இல்லன்னு எவன் சொன்னான்? எட்டிப் பாருங்க, கிரிக்கெட்டு ஆடலாம்."

எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே பாதி யார்டு வெறுமையாக இருந்தது.

"ஆனா பெட்டிங்க பதினோரு நாள் தங்குதே?" என்றேன்.

"எந்தப் பெட்டி? எம் பெட்டியா? திங்கக்கெயம எறக்குனேன், புதங்கெயம ஏத்திகினு பூட்டேன். அடுத்த செவ்வா மறுபடி எறக்குனேன், வியாயன் ஏத்துனேன். நடுவுல அது ஸ்ரீபெரும்புதூர்ல கீது. ஒங்க கணக்குல எங்க கீது?"

கேட் ஜன்னலில் ஸ்டெல்லா இருந்தார். அந்தப் பெட்டியின் பதிவை எடுத்துத் தரச் சொன்னேன். அவர் ஒரு ஸ்லிப்பில் அச்சடித்து நீட்டினார். வந்தது, போனது, வந்தது, போனது. நான்கு வரிகள். இரண்டு நாள், மீண்டும் இரண்டு நாள். என் கட்டளை முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் எடுத்துக் கழித்திருந்தது. ஆகவே என் அறிக்கையில் அந்தப் பெட்டி பத்து நாள் யார்டில் இருந்தது. நடுவில் ஆறு நாள் அது இல்லாத இடத்தில் நான் அதை நிறுத்தி வைத்திருந்தேன். இப்படி எத்தனை பெட்டிகளோ.

ஸ்லிப்பைக் கொடுத்தபோது ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தார். "வேற எதுனா வேணுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

மாலை நான்கு மணிக்குக் கூட்டம். ஆறு பேர் இருந்தோம். பொது மேலாளர் என்னைப் பார்த்து, "உங்க ரிப்போர்ட்டை நம்பித்தானே முடிவெடுத்தோம்? என்ன ஆச்சு?" என்றார்.

நான் சொன்ன பதில்: "கேட் பதிவுல ஒரே பெட்டி ரெண்டு முறை வருது சார். அதனால நாள் கூடிப் போச்சு."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் இதில் மோசமான விஷயம்.

"அப்போ கேட்டுல தப்பா என்ட்ரி போடறாங்க" என்றார் அவர்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. இல்லை சார், பதிவு சரி, என் கட்டளைதான் தவறு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எதிரே இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். வைத்து நிமிர்வதற்குள் பேச்சு கேமராவுக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு வரவேண்டிய கேமரா ஆறு வாரத்தில் வந்தது. கேட்டில் இருந்த நான்கு பேருக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

கூட்டம் முடிந்து என் மேசைக்கு வந்ததும் கட்டளையைத் திருத்தினேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. தேர்வுக்குக் கொடுத்த அதே இருநூறு வரிகளில் அதை ஓட்டிப் பார்த்தேன். பதினொன்று நான்காயிற்று.

அப்போதுதான் அலமாரியிலிருந்து ஸ்டெல்லாவின் விடைத்தாளை எடுத்தேன். அந்த மூன்று வரிகளைப் படித்தேன். "மொதோ வரவு, கடைசி போக்கு மட்டும் எடுத்தா பதினொண்ணு வருது. ஆனா பெட்டி நடுவுல வெளிய போயிகீது. அதான் நாலுன்னு போட்றேன்."

நான் எதிர்பார்த்த விடை அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே எழுதவில்லை.

இதற்குப் பின்னும் ஐந்து மாதம் வேலையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அறிக்கையைத் திருத்தியவள் தேர்வின் விடையைத் திருத்தவில்லை. விடையை மாற்றுவதற்கு ஒரு படிவம் உண்டு; அதில் மாற்றத்துக்கான காரணம் என்ற ஒரு கட்டம் உண்டு; அதில் மனிதவள அதிகாரியும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்குத் துணிவு வரவில்லை. அந்த ஐந்து மாதத்தில் ஐந்து பேர் அதே கேள்வியை எழுதினார்கள். ஓய்வுக்கு முந்தின வாரம்தான் படிவத்தை நிரப்பினேன். நடந்ததைப் பொது மேலாளருக்குக் கடிதமாகவும் எழுதினேன். என் நேர்மையைப் பாராட்டுவதாகவும், கேமரா நன்றாக வேலை செய்வதாகவும் பதில் வந்தது. கழிக்கவிருந்த பழைய தாள்களிலிருந்து ஸ்டெல்லாவின் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு அறிவுரை கேட்டீர்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள், டேட்டா எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதிவிடலாம். ஸ்டெல்லா இரண்டையும் செய்தார், அதனால்தான் தோற்றார். ஆகவே அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தேர்வு நடத்த இந்தப் பக்கம் உட்காரப்போகிறவர்களுக்குத்தான் இருக்கிறது. கேள்வியைக் கொடுப்பதற்கு முன் உங்கள் விடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போங்கள். பத்துப் பெட்டி எண்களைக் கொடுத்து, இவை எத்தனை நாள் இருந்தன என்று அங்கே இருப்பவரைக் கேளுங்கள். இப்போது அங்கே ஆள் இல்லை என்பீர்கள். தெரியும். ஓட்டுநர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டெல்லா இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறார். வரவேற்பில் டோக்கன் கொடுத்து, பெயரைப் பதிந்து, மாதிரிக் குழாயில் எண் ஒட்டும் வேலை. கண்டுபிடித்து ஒரு திங்கட்கிழமை காலை போனேன். ஏழரை மணிக்கே கூட்டம். நானும் டோக்கன் வாங்கித்தான் நின்றேன். நாற்பத்தாறு.

"மேடம்! இன்னா, சுகரா? வெறும் வயித்துலதான வந்தீங்க?"

"டெஸ்டுக்கு வரல ஸ்டெல்லா."

அவருடைய விடைத்தாளை மேசைமேல் வைத்தேன். சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். பூஜ்யத்தை, ஸ்லிப்பை, கூட்டத்தில் நான் சொன்னதை, சொல்லாததை. பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டிருப்பார்கள். ஸ்டெல்லா குழாய்களில் எண் ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"பதினொண்ணு போட்டிருந்தா எனக்குதான் வேலையா மேடம்?"

"நீங்க ரெண்டு பேரும் சமமா வந்திருப்பீங்க. உள்ள இருக்கறவங்களுக்குத்தான் முன்னுரிமை. உனக்குத்தான்."

"எங்கம்மாவும் அதான் கேட்டுச்சி. தெரிஞ்சிகினே ஏன்டி போடலன்னு." ஒரு குழாயை நிமிர்த்தி வைத்தார். "இன்னா சொல்றது? நீங்க நம்பர மாத்திகினாலும் அந்தப் பெட்டிய நான்தான உள்ள வுட்டேன், நான்தான வெளிய வுட்டேன். போன பெட்டிய உள்ளதான் கீதுன்னு எங்கையால எப்டி எழுதறது?"

அவர் அடுத்த குழாயை எடுத்தார்.

"அந்தக் கேள்வி இன்னும் கீதா?"

"இப்ப இல்ல. எடுத்துட்டேன்."

"நடுவுல எத்தினி பேரு எழுதுனாங்க?"

"அஞ்சு பேர்."

"எல்லாம் பதினொண்ணா?"

"எல்லாரும் பதினொண்ணு."

முதல்முறையாக அவர் சிரித்தார். "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். நீங்க இன்னா கேட்டீங்களோ அத எழுதுனாங்க."

அந்த ஐவரில் மூவர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பது நிமிடத்தில் முடித்த இளைஞரும் படிக்கிறார். ஸ்டெல்லா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்: உங்கள்மேல் குற்றமில்லை.

மறுபடி ஒரு முறை தேர்வு எழுதும்படியும், வேறு நிறுவனங்களுக்கு நான் பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"வேணாம் மேடம். ஆப்பக்கூட போன்லருந்து எடுத்துட்டேன். இங்கயும் ஒரே ஆளு பேர்ல ரெண்டு தபா ரத்தம் வரும். ஒண்ணா ரெண்டான்னு உள்ள போயி கேப்பேன். கேட்டா பதில் சொல்றாங்க."

தாளை என் பக்கம் திருப்பினார். எண் எழுதும் பேனாவை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"மார்க்கு மட்டும் போட்டுக் குடுங்க."

பூஜ்யத்தைக் கோடிட்டு அடித்தேன். பக்கத்தில் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"தேதி போடல மேடம்."

இருபத்திரண்டு ஆண்டு டைரி எழுதியவள் தேதி போட மறந்திருந்தேன். தாளை வாங்கி, எந்தத் தேதி என்று ஒரு கணம் யோசித்தேன். அவர் கவனித்துவிட்டார்.

"இன்னிக்கி தேதிதான். அன்னிக்கி நீங்க போடலியே."

அன்றைய தேதியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். என் தோளுக்கு மேலே வரிசையைப் பார்த்தார்.

"நாப்பத்தேழு! நாப்பத்தேழு யாருபா, வாங்க."

பின்னால் நின்றவருக்கு நான் வழிவிட்டேன்.